இடப்பக்கத்து ஆரத்தி

ஆகாய விமானம் வந்து இறங்கிய அன்று நெல்லிவாசல் மலையில் ஒரே ஒரு மாலைதான் இருந்தது. அது கேப்டன் ராஜவேலுவின் கழுத்துக்குப் போயிற்று. அதற்கு முந்தின நாளே ஆலங்காயத்திலிருந்து ஜீப்பின் பின்பக்கம் பெட்ரோல் பீப்பாய்களோடு குலுங்கிக்கொண்டு வந்து, தரையில் கல் பொறுக்க வைத்து, காற்றின் திசை பார்க்கத் துணிப்பை கட்டி, விமானம் இறங்கலாம் என்று கை காட்டி நின்ற அருணகிரியின் கழுத்தில் பீப்பாய்க் கசடுதான் இருந்தது.

அது 1983. ஜவ்வாது மலையில் மரம் குறைந்துவிட்டதென்று மேலே இருப்பவர்களுக்குத் தெரியவந்த வருஷம். ஆகாயத்திலிருந்து விதை தூவினால் காடு தானாக முளைத்துக்கொள்ளும் என்று யாரோ பெரிய மனிதர் ஒரு கூட்டத்தில் சொல்லிவிட, சென்னையிலிருந்து ஒரு கம்பெனி ஒற்றை என்ஜின் விமானத்தோடும், ஒரு கேப்டனோடும், ஒரு என்ஜினீயரோடும் மலைக்கு வந்தது. மாடு மேய்ந்துகொண்டிருந்த சமதரை விமான நிலையமாயிற்று. மாடுகளுக்கு மட்டும் யாரும் தகவல் சொல்லவில்லை.

அருணகிரி லைசென்ஸ் வாங்கிய விமானப் பராமரிப்பு என்ஜினீயர். காலையில் அவர் விமானத்தைச் சுற்றிப் பார்த்து, அடியில் படுத்துப் பார்த்து, லென்ஸ் வைத்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் அது தரையை விட்டு எழும்பலாம். சட்டம் அப்படி. இதை அவர் மலைக்கு வந்த முதல் நாளே, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லிவிட்டார். மலைச் சனங்களும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள். அவர்களுக்கு வண்டி வாகனம் தெரியாதா என்ன? ஆலங்காயம் பஸ்ஸும், புளி ஏற்ற வரும் லாரியும் பார்த்தவர்கள். வண்டி என்றால் ஓட்டுகிறவர் டிரைவர். அடியில் படுத்து எழுந்து, கையெல்லாம் கரியாக்கிக்கொண்டு, பக்கவாட்டில் தட்டி ரைட் சொல்கிறவர் கிளீனர். அவர் தட்டாவிட்டால் லாரியும்தான் நகராது. இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று அவர்களுக்குப் புரியவில்லை.

ஆகவே அருணகிரி கிளீனரண்ணன் ஆனார்.

முகாமுக்குச் சோறாக்க வந்த கெங்கம்மாள்தான் அந்தப் பெயரை வைத்தது. அவளிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. சாமைச் சோறு வடித்து, நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்தால் முதல் இலை கேப்டனுக்கு. தொடைக்கறி கேப்டனுக்கு. மலைத்தேன் ஒரு பாட்டில் வந்தால் அது கேப்டனின் கூடாரத்துக்குள் போய்விடும். கிளீனரண்ணனுக்குக் கழுத்தெலும்பும் பாசமும் மிஞ்சின. “கடிச்சித் துண்ணுண்ணே, எலும்புலதான் ருசி” என்பாள்.

கேப்டனோ கேப்டனாக இருப்பதற்கென்றே பிறந்தவர். கறுப்புக் கண்ணாடியைச் சாப்பிடும்போதும் கழற்றமாட்டார். கழுத்தில் பட்டுக் கைக்குட்டை. மேகத்தோடு சண்டை போட்ட கதை, கழுகு குறுக்கே வந்த கதை, பெட்ரோல் தீர்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கிய கதை என்று தினம் ஒன்று சொல்வார். பெட்ரோல் தீர்ந்த கதையில் பெட்ரோல் அளந்து ஊற்றியது யார் என்று யாரும் கேட்கவில்லை என்பது அருணகிரிக்கு ஒரு வருத்தம். அவரைவிட வயதில் சின்னவனான அந்த மனிதன், ஊரார் முன்னால் “அருணகிரி, கண்ணாடி துடைச்சாச்சா?” என்று கேட்பது இன்னொரு வருத்தம். துடைத்தது உண்மைதான் என்பது எல்லாவற்றையும்விடப் பெரிய வருத்தம்.

தினமும் காலையில் கெங்கம்மாள் மஞ்சள் கரைத்து, சுண்ணாம்பு சேர்த்து, சிவந்த ஆரத்தித் தட்டோடு வருவாள். கேப்டன் ஏறும் கதவு இடப்பக்கம் இருந்தது. கேப்டனை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, அவர் நெற்றியில் ஒரு பொட்டும், அவர் ஏறும் பக்கத்தில் விமானத்துக்கு ஒரு பொட்டும் வைப்பாள். விமானத்துக்கு நெற்றி எது என்று ஆரம்பத்தில் கொஞ்சம் குழம்பினாள். பிறகு இறக்கைக்கு முட்டுக் கொடுத்துச் சாய்வாக இறங்கும் கம்பி, உடம்போடு வந்து சேருமிடத்தில் ஒரு இரும்புக் காது இருப்பதைப் பார்த்தாள். கைக்கு எட்டுகிற உயரம். பொட்டு அங்கே நிலைத்துவிட்டது.

அருணகிரி தடுத்துப் பார்த்தார். அந்தக் காதும், வலப்பக்கம் அதற்கு ஜோடியான காதும்தான் விமானத்தின் உயிர், அங்கே கண்டதையும் பூசக்கூடாது என்றார். உயிர் அங்கேதான் என்றால் பொட்டும் அங்கேதான் என்று கெங்கம்மாள் முடிவாகச் சொல்லிவிட்டாள். கேப்டன் சிரித்தார். கேப்டன் சிரித்தால் மலையே சிரிக்கும்.

இதையெல்லாம் அருணகிரி தாங்கிக்கொண்டிருப்பார். ஆனால் அவருடைய சகலை சேட்டு ஆலங்காயத்தில் இருந்தான்.

சேட்டு பம்புசெட் கடை வைத்திருப்பவன். அருணகிரி மனைவியின் அக்காளைக் கட்டியவன். கல்யாணமான நாளிலிருந்து மாமியார் வீட்டில் இரண்டு பேருக்கும் போட்டி. சேட்டு கடையைப் பெரிதாக்கினால் அருணகிரி விமானத்தைக் காட்டுவார். ‘நான் ஓகேன்னு சொன்னாத்தான் பிளேன் பறக்கும்’ என்ற ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டே இத்தனை வருஷம் சமாளித்து வந்தார். இப்போது சேட்டு புது புல்லட்டில் மலையேறி வந்து, முகாமைப் பார்த்தான், சனங்களிடம் பேசினான், விமானத்தடியில் படுத்திருந்த அருணகிரியின் கால்மாட்டில் வந்து நின்றான்.

“இன்னா சகலை, பிளேன்ல கிளீனரா கீறியாமே? சொல்லவேயில்ல?”

அருணகிரி வெளியே வந்து, லைசென்ஸ், சட்டம், கையெழுத்து என்று எல்லாவற்றையும் விளக்கினார். சேட்டு தலையாட்டிக்கொண்டே கேட்டான். பிறகு, வெள்ளிக்கிழமை மந்திரி வருகிறாராமே, கேப்டனுக்குப் பொன்னாடை போர்த்துகிறார்களாமே, குடும்பத்தோடு வருகிறேன், உனக்கும் ஏதாவது துண்டு கிண்டு போடுவார்களா என்று கேட்டுவிட்டு, புல்லட்டை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனான்.

மந்திரி வருவது உண்மை. வனத்துறை ரேஞ்சர் ரங்கசாமி ஒரு வாரமாகத் தூங்கவில்லை. பந்தல், மைக், மந்திரி உட்கார ஆலங்காயத்திலிருந்து ஒரு சோபா. மந்திரி கொடியசைத்ததும் கேப்டன் மேலே பறந்து, விதை தூவுவதற்கு முன்னால் மந்திரியின் தலைமேல் ஒரு கூடை சாமந்தியைத் தூவவேண்டும் என்பது ரங்கசாமியின் சொந்தக் கற்பனை. அழைப்பிதழில் கேப்டன் பெயர் தடித்த எழுத்தில் இருந்தது. அருணகிரியின் பெயர் ‘மற்றும் பலர்’ என்பதற்குள் இருந்தது.

அருணகிரி கடவுளிடம் ஒன்றுதான் கேட்டார். ஒரு விரிசல். சின்னதாக இருந்தாலும் போதும்.

கேட்பதற்கு நியாயமும் இருந்தது. இதே மாதிரி விமானம் ஒன்று வேறெங்கோ பறக்கும்போது முட்டுக்கம்பிக் காது விரிசல் விட்டு, இறக்கை தனியாகவும் மற்றது தனியாகவும் தரைக்கு வந்திருந்தது. அதிலிருந்து, இத்தனை மணி நேரம் பறந்தால் இரண்டு காதுகளையும் சாயம் போட்டுப் பார்த்தே ஆகவேண்டும் என்று விதி. அந்தக் கணக்கு மந்திரி வருகைக்கு முந்தின நாள் வந்து விழுந்தது. இது தற்செயல் என்று அருணகிரி நம்பவில்லை.

சாயப் பரிசோதனை எளிது. மூன்று டப்பா. ஒன்றால் துடைக்கவேண்டும். இரண்டாவதில் இருக்கும் சிவப்பைப் பூசி ஊறவிட்டு, மேலே துளியும் இல்லாமல் வழித்தெடுக்க வேண்டும். பிறகு மூன்றாவதில் இருக்கும் வெள்ளையை மெல்லத் தூவவேண்டும். இரும்பில் தலைமுடி அளவு விரிசல் இருந்தாலும், அதற்குள் பதுங்கின சிவப்பு வெள்ளையில் கசிந்து கோடாக வந்து நிற்கும். இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை உண்டு. பெயின்ட்டைச் சுரண்டி இரும்பை வெறுமையாக்க வேண்டும். அது அழுக்கான, அலுப்பான வேலை. விரிசல் இருக்கக்கூடாது என்று தேடுகிறவன்தான் அதைச் செய்வான். அருணகிரி இருக்கவேண்டும் என்று தேடினார். பெயின்ட்டின்மேலேயே பூசினார்.

வலக்காதில் வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. இடக்காதில், மாலை வெயிலில், மெல்லியதாக ஒரு சிவப்புக் கோடு எழும்பி வந்தது.

அருணகிரிக்குக் கண்ணில் நீர் நிறைந்தது. பிள்ளை பிறந்தபோதுகூட அவர் அப்படி நின்றதில்லை. விமானம் பறக்கத் தகுதியற்றது என்று எழுதிக் கையெழுத்திட்டு, சிவப்புத் துணி ஒன்றை விமானத்தின் மூக்கிலிருந்த காற்றாடியில் கட்டிவிட்டு, நடந்துபோய் கேப்டனின் கூடார வாசலில் நின்று செய்தி சொன்னார். அங்கே உட்கார்ந்திருந்த ரங்கசாமி ‘மந்திரி... சோபா... சாமந்தி...’ என்று மூன்று வார்த்தை சொல்லிவிட்டு நாற்காலியில் சரிந்தார். கேப்டன் மட்டும் எழுந்து வந்து, கறுப்புக் கண்ணாடியை உயர்த்திக் கோட்டைப் பார்த்தார். கெங்கம்மாளைக் கூப்பிட்டார். காலையில் பொட்டு எங்கே வைத்தாய் என்று கேட்டார். அவள் அந்தக் கோட்டின்மேலேயே விரலை வைத்தாள்.

“கீறல்ல இறங்கின ஆரத்தி, அருணகிரி. இதைப் பார்த்தா உங்களுக்கு விரிசலாத் தெரியுது. நான் மாலை போட்டுக்கிட்டா உங்களுக்கு வேற என்னென்னமோ தெரியும்.”

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். அருணகிரியால் மறுக்க முடியவில்லை. ஏனென்றால் அது ஆரத்தியாகவும் இருக்கலாம். பெயின்ட்டில் கீறல் இருந்தால் அதற்குள் எந்தச் சிவப்பும் இறங்கும். சுரண்டாமல் பூசியது அவர் குற்றம். விதி தெரிந்தும் செய்த குற்றம். ஆனால் அதை ஒப்புக்கொள்வதைவிட, நாளை காலை எல்லார் முன்னாலும் பெயின்ட்டைச் சுரண்டிக் காட்டுகிறேன், அப்போது தெரியும் யார் கண்ணில் கோளாறு என்று சவால் விடுவது சுலபமாக இருந்தது. விட்டார்.

மறுநாள் காலை செங்கத்திலிருந்தும் ஆலங்காயத்திலிருந்தும் ஜீப்பிலும் நடையிலும் கூட்டம் வந்தது. மந்திரியைப் பார்க்க வந்த கூட்டம், மந்திரி வரும்வரை அருணகிரியைப் பார்த்தது. சேட்டு குடும்பத்தோடு முன்வரிசையில் நின்றான். மாமியாரும் வந்திருந்தாள். கேப்டன் கைகட்டி நின்றார். அருணகிரி பெயின்ட் கரைக்கும் மருந்தைத் தடவினார், வழித்தார், துடைத்தார். இரும்பு பளிச்சென்று வந்தது. சிவப்பு பூசினார். ஊறியது. கூட்டத்தில் யாரோ இருமுவது கேட்டது. துடைத்தார். வெள்ளை தூவினார்.

வெள்ளையாகவே இருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தார். லென்ஸில் வெள்ளை இன்னும் பெரிதாகத் தெரிந்தது.

முதலில் சிரித்தது சேட்டுதான். பிறகு யார் யார் சிரித்தார்கள் என்று பிரித்துச் சொல்லமுடியாது. மாமியார் தலையில் கை வைத்துக்கொண்டாள். ரங்கசாமி ஓடிவந்து காற்றாடியில் கட்டியிருந்த சிவப்புத் துணியை அவிழ்த்து, பேனாவைத் திறந்து அருணகிரியின் கையில் கொடுத்தார். கேப்டன் வந்து தோளில் தட்டி, பரவாயில்லை, மனுஷன்னா இதெல்லாம் இருக்கும் என்றார். பெருந்தன்மையாகச் சொன்னார். அந்தப் பெருந்தன்மைதான் தாங்கவில்லை.

“வலப்பக்கம் பாக்கணும்” என்றார் அருணகிரி.

நேற்று பார்த்துச் சரி என்று சொன்னீர்களே என்றார் கேப்டன். நேற்றும் பெயின்ட்டின்மேல்தான் பார்த்தேன், இரண்டு காதையும் சுரண்டிப் பார்க்கவேண்டும் என்பது விதி என்றார் அருணகிரி. விதி நேற்று எங்கே போயிருந்தது என்று சேட்டு கேட்டான். நியாயமான கேள்வி. வலப்பக்கம் ஒன்றும் இருக்காது என்று அருணகிரிக்கே தெரியும். ஆனால் பேனாவைத் தொட்ட கணத்தில் கேப்டன் ஏறுவார், சாமந்தி விழும், பொன்னாடை விழும். இன்னும் ஒரு மணி நேரமாவது அது நடக்காமல் இருக்கவேண்டும். வெறும் வயிற்றெரிச்சலோடு, வேறு எந்த நல்ல எண்ணமும் இல்லாமல், அவர் வலப்பக்கம் போய் மருந்தைத் தடவினார்.

கூட்டம் கூடவே வரவில்லை. அலுத்துவிட்டது. கெங்கம்மாள் மட்டும் ஆரத்தித் தட்டோடு, எப்போது முடிப்பார் என்று பக்கத்தில் வந்து நின்றாள். வெள்ளை தூவினார். காய்ந்தது. பிறகு, போல்ட் துளையின் விளிம்பிலிருந்து கிளம்பி, கொஞ்சமும் அவசரமில்லாமல், கூரான ஒரு சிவப்புக் கோடு காதின் குறுக்கே நடந்து மறு விளிம்புக்குப் போய் நின்றது.

அருணகிரிக்குச் சந்தோஷம் வரவில்லை. வரவேண்டிய நேரம் இதுதான் என்று அவருக்கே தெரிந்தது. ஆனால் நேற்று இந்தக் காதோடுதான் அந்த ஆள் மூன்று தடவை மலையைச் சுற்றிவந்தான். கையை ஆட்டிக் கேப்டனைக் கூப்பிட்டார்.

கேப்டன் வந்தார். பார்த்தார். இதுவும் ஆரத்திதான் என்று சொல்ல ஆரம்பித்தார். பாதியில் கெங்கம்மாள் குறுக்கிட்டாள்.

“இந்தப் பக்கம் நான் வெக்கவே இல்லீங்களே. நீங்க ஏறுற பக்கந்தானே வெச்சேன்.”

கேப்டன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். மலைக்கு வந்தபிறகு முதல் தடவையாக எல்லாரும் அவருடைய கண்ணைப் பார்த்தார்கள். சாதாரணக் கண்தான். அருணகிரி லென்ஸை நீட்டினார். வாங்கிப் பார்த்தவர், விமானத்தின் சக்கரத்தின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பொன்னாடை எல்லாம் மறந்துவிட்ட முகம். தண்ணீர் கேட்டார்.

இந்த இடத்தில் அருணகிரியின் கழுத்துக்கு ஒரு மாலை வந்திருக்கவேண்டும். வரவில்லை. ஏனென்றால் கெங்கம்மாள் யோசித்துக்கொண்டிருந்தாள். விமானத்தின் இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அருணகிரியைப் பார்த்து, தட்டோடு இரண்டடி பின்னால் போனாள்.

“ஆரத்தி வெச்ச பக்கம் நல்லா கீது. வெக்காத பக்கம் வுட்டுப்போச்சு. தெனம் காலையில கண்ணாடி வெச்சு உத்து உத்துப் பாத்தா, இரும்பா இருந்தாலும் இன்னா பண்ணும்?”

யாரும் சிரிக்கவில்லை. அந்தக் கணக்கில் தப்புக் கண்டுபிடிக்க அங்கே ஆளில்லை. முன்வரிசை மெல்லப் பின்வரிசையாயிற்று. தாய்மார்கள் இடுப்புக் குழந்தையைத் தோள்மாற்றி முந்தானையால் மூடினார்கள். சேட்டு போய், புது புல்லட்டின்மேல் தன் துண்டை விரித்துப் போர்த்திவிட்டு வந்தான்.

மந்திரி மதியம் வந்தார். விமானம் பறக்காது என்றதும் முகம் சுளித்தார். ரங்கசாமி காதில் ஏதோ சொன்னபிறகு மலர்ந்து, மரணத்தின் வாயிலிருந்து மீண்ட வீரர் என்று கேப்டனுக்கே பொன்னாடை போர்த்தினார். மேலேயிருந்து விழவேண்டிய சாமந்தியை ரங்கசாமி ஸ்டூல்மேல் ஏறிக் கூடையோடு கவிழ்த்தார். விரிசலைக் கண்டுபிடித்தது யார் என்று மந்திரி கேட்க, ரங்கசாமி தூரத்திலிருந்தே விரலைக் காட்டினார். உதவியாளர் குனிந்து விஷயத்தைச் சொன்னார். மந்திரி அருணகிரிக்கு ஒரு கும்பிடு போட்டார். போட்ட கையோடு சட்டைக் கையை இழுத்துக் கைக்கடிகாரத்தை மறைத்துக்கொண்டார்.

அருணகிரிக்கு விளக்கம் சொல்லத் தெரியாமல் இல்லை. இரும்பும் களைத்துப்போகும், ஒவ்வொரு தடவை ஏறி இறங்கும்போதும் அந்தக் காது கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே வந்திருக்கும், அவர் இந்த மலைக்கு வருமுன்பே, அவர் முகத்தையே பார்க்காமல் விரிசல் ஆரம்பித்திருக்கும். சாயங்காலம் கெங்கம்மாளைக் கூப்பிட்டு இதையெல்லாம் சொல்லிவிடவேண்டும் என்று வாயைத் திறந்தபோது, அவள் இலையைப் போட்டாள். அவருக்கு முதல் இலை. சாமைச் சோற்றின்மேல் குழம்பை ஊற்றி, தொடைக்கறியை நடுவில் வைத்தாள். பக்கத்தில் தேன் பாட்டில். எங்க மாட்டுப் பக்கம் மட்டும் பாக்காதீங்க சாமி என்று கேட்டுக்கொண்டாள். கிளீனரண்ணன் போய் சாமி வந்திருந்தது.

அருணகிரி திறந்த வாயில் சோற்றைப் போட்டுக்கொண்டார்.

புதுக் காது சென்னையிலிருந்து வந்துசேரும்வரை முகாம் அங்கேயே கிடந்தது. அந்த நாட்கள் முழுக்க அருணகிரிக்கு ஒரு குறையுமில்லை. வீட்டு வாசலில் அவர் தலை தெரிந்தால் மோர் வந்தது. அவர் வெறுமனே பலாமரத்தை அண்ணாந்து பார்த்தால், அன்றைக்கே ஒரு பழம் கூடாரத்துக்கு வந்துவிடும். ரங்கசாமி தன் ஜீப்பை அவர் கண்ணில் படாத தூரத்தில் நிறுத்திவிட்டு நடந்து வந்தார். சேட்டு ஆள் மூலமாக, சகலைக்கு ஒரு வேட்டியும் சட்டையும் கொடுத்தனுப்பினான், நேரில் வரவில்லை. அருணகிரி எல்லாவற்றையும் தலையசைத்து ஏற்றுக்கொண்டார். லென்ஸைச் சட்டைப்பையில் வெளியே தெரியும்படி வைத்துக்கொள்ளப் பழகினார்.

கேப்டனுக்கு ஒரு பொன்னாடை இருந்தது. அதைப் போர்த்திக்கொண்டு கூடார வாசலில் உட்கார்ந்திருப்பார். மரணத்தின் வாயிலிருந்து மீண்ட கதையை யாருக்காவது சொல்லவேண்டும் என்று இருந்தது அவருக்கு. கேட்க ஆளில்லை. பறக்காத டிரைவரை மலைச்சனம் என்ன செய்யும்?

காது பூட்டிய அன்று மதியம் இரண்டு பேரும் எதிரெதிரே சாப்பிட உட்கார்ந்தார்கள். கேப்டன் இலையில் கழுத்தெலும்பு விழுந்தது. அவர் அதைப் பார்த்தார். பிறகு மெல்லத் தலையை உயர்த்தி, அருணகிரியின் இலையில் இருந்த தொடைக்கறியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். கறுப்புக் கண்ணாடி போடவில்லை.

அந்தப் பார்வையை அருணகிரிக்கு நன்றாகத் தெரியும். லென்ஸ் தேவைப்படவில்லை.

இலையைக் கொஞ்சம் தன் பக்கமாக இழுத்துக்கொண்டு, அடுப்படிப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். “கெங்கம்மா, ஆரத்தி இருந்தா எடுத்தா. எனக்கு ஒரு தபா சுத்திப் போடு.”